நெல்லை டவுனில் எங்கே, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ஓடும் நான்கு ரத வீதிகளும், அவற்றில் வந்து சேரும் சந்துகளும்தான் நெல்லை டவுனின் நடுப்பகுதி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது கடைப் பெயர். இங்கே அதைவிட முக்கியம் மணி. அல்வா சாயங்காலத்துக்கு உரியது, பரோட்டா இருட்டிய பிறகு, பதநீர் வெயில் ஏறுவதற்குள். நேரம் தப்பிப் போனால் நல்ல கடையிலும் ஆறிப்போனதுதான் இலைக்கு வரும். கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றியவைதான்.

டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை என்கிறார்களே, எல்லாம் வேறு வேறு ஊர்களா?

ஒரே மாநகராட்சிதான். தாமிரபரணிக்கு மேற்கே டவுனும் ஜங்ஷனும். ஆற்றைத் தாண்டினால் வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை. இரண்டையும் இணைப்பது 1843-இல் திறந்த சுலோசன முதலியார் பாலம். ரயிலில் வருகிறவர்கள் ஜங்ஷனில் இறங்கி, ஈரடுக்கு மேம்பாலம் வழியாக டவுனுக்கு வரலாம். சுமார் 3 கி.மீ., டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம். வெளியூர் பஸ்கள் நிற்கும் புதிய பஸ் நிலையம் வேய்ந்தான்குளத்தில் இருக்கிறது; அங்கிருந்து டவுனுக்கு அரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

வழி கேட்கும்போது தெருப் பெயரைவிட முக்குப் பெயர் உதவும். வாகையடி முக்கு, சந்திப் பிள்ளையார் முக்கு என்றால் ஆட்டோக்காரர் மறுபேச்சு பேசமாட்டார். சொந்தக் காரில் வந்தால் ரத வீதிக்குள் கொண்டு வரவேண்டாம். சாயங்காலம் ஜவுளி எடுக்க வருகிற கூட்டமும் கோயில் கூட்டமும் சேர்ந்துவிடும். நிறுத்த இடம் தேடியே அல்வா நேரம் போய்விடும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எப்படிப் பிரித்துக்கொள்வது?

காலை 7 மணிக்கு டிபன். முடித்துவிட்டுக் கோயிலுக்குப் போனால் நடை சாத்துவதற்குள் நிதானமாகப் பார்க்கலாம். மதியச் சாப்பாட்டுக்கு 12:30. வெயிலில் எங்கேயும் அலையாமல் ஓய்வெடுத்துவிட்டு, 4 மணிக்கு ஒரு டீயும் ஆமவடையும். நாலே காலிலிருந்து நாலரைக்குள் அல்வா வரிசை. ராத்திரி 7:30-க்கு மேல் ஜங்ஷன் பக்கமோ பாளையங்கோட்டைப் பக்கமோ போய்ப் பரோட்டா. வயிறு சின்னதாக இருப்பவர்கள் மதியத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு நெய் அல்வாவிடம் போனால் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது.

காலை டிபனுக்கு எதைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுப்பது?

சட்னி வாளியைப் பாருங்கள். தேங்காய்ச் சட்னி கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து வருகிற கடையில், ஒன்பது மணிக்கும் அது வெள்ளையாக, புளிப்பு இல்லாமல் இருக்கும். காலையில் மொத்தமாக அரைத்து வைத்த சட்னி வெயில் ஏற ஏறத் தண்ணீர் பிரிந்து மேலே நுரை கட்டும். அந்த மாதிரி வாளியைக் கண்டால் இட்லிக்கு எள் சேர்த்த மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் கேட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடலாம்.

சாம்பாரில் இந்தப் பக்கத்துக்கென்று ஒரு வகை உண்டு: இடி சாம்பார். மல்லி, மிளகாய் வற்றல், கடலைப் பருப்பு, வெந்தயம் ஆகியவற்றை அன்றன்றைக்கு வறுத்து இடித்துப் போடுவது. வறுத்த மல்லி வாசம் தூக்கலாக இருந்தால் அது இடி சாம்பார். பாக்கெட் பொடி போட்டதில் நிறம்தான் முன்னால் நிற்கும். இடியாப்பம், ஆப்பம் கிடைத்தால் தேங்காய்ப் பாலோடு கேளுங்கள். காரம் தாங்காத குழந்தைகளுக்கு அதைவிட நல்ல காலைச் சாப்பாடு இங்கே இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு எப்போது போகவேண்டும்?

12:30-க்கும் 1:15-க்கும் இடையில். அதற்கு முன்னால் போனால் பொரியல் வந்திருக்காது. இரண்டு மணி தாண்டினால் கூட்டு தீர்ந்து, ரசத்தில் மண்டி மட்டும் இருக்கும். ரத வீதிகளைச் சுற்றிச் சைவச் சாப்பாட்டுக் கடைகள்தான் அதிகம். பார்சல் வாங்கினால் சோறு நிறைய இருக்கும். இலையில் உட்கார்ந்தால் குழம்பு இரண்டாம் முறை வரும். ஒருவர் மட்டும் என்றால் இலைச் சாப்பாடு, இரண்டு பேர் குழந்தையோடு என்றால் ஒரு பார்சலும் ஒரு இலையும் போதுமானது.

திருநெல்வேலிச் சொதி எந்தக் கடையில் கிடைக்கும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, பலர் ஏமாறுவதும் இதில்தான். சொதி அடிப்படையில் ஹோட்டல் சாப்பாடு அல்ல. நெல்லைச் சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணத்துக்கு அடுத்த மறுவீட்டு விருந்தின் தலைக்குழம்பு அது. அதனால் தினசரிப் பட்டியலில் எதிர்பார்க்க வேண்டாம். சில சைவ ஹோட்டல்கள் வாரத்தில் ஒரு நாளோ, விசேஷ நாளிலோ போடுகின்றன. முந்தின நாள் போன் செய்து, "நாளைக்குச் சொதி உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போவதுதான் ஒரே வழி. பத்துப் பேருக்கு மேல் இருந்தால் கல்யாணச் சமையல் செய்கிற தவசுப்பிள்ளை ஒருவரைப் பிடித்துச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது. பழகிய கை வைக்கிற சொதி வேறு தரம்.

இலையில் வந்தது நல்ல சொதிதானா என்று தெரிந்துகொள்ள, அது எப்படி ஆகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். தேங்காயை மூன்று முறை பால் எடுத்துத் தனித்தனியாக வைப்பார்கள். மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், முருங்கைக்காய், பட்டாணி வேகும். அதில் இரண்டாம் பாலும், வேகவைத்து மசித்த பாசிப்பருப்பும், இஞ்சியோடு அரைத்த பச்சை மிளகாயும் சேரும். கடைசியில் கெட்டியான முதல் பால். அதை ஊற்றிய பின் கொதிக்க விடக் கூடாது. ஓரத்தில் நுரை கூடினதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் பால் திரிந்து மேலே எண்ணெய் மிதக்கும். எலுமிச்சம் பழத்தை இறக்கின பிறகுதான் பிழிவார்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தாலும் திரியும். புளி கிடையாது, மல்லிப் பொடி கிடையாது, காரம் முழுக்கப் பச்சை மிளகாயில்தான். நிறம் வெளிர் சந்தனம். ஆற ஆறப் பசை மாதிரி இறுகினால் சோள மாவு கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

நாலு பேருக்கு வீட்டில் செய்வதானால் பெரிய தேங்காய் இரண்டு, பாசிப்பருப்பு 100 கிராம், காய் எல்லாம் சேர்த்து அரை கிலோ, பச்சை மிளகாய் எட்டு என்று தொடங்குங்கள். கூடவே இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டாயம். தேங்காய்ப் பால் வயிற்றில் கனமாக நிற்கும்; இஞ்சி அதைச் செரிக்க வைக்கத்தான். இஞ்சித் துவையல் இல்லாமல் சொதி பரிமாறுகிற கடை, பாதி விருந்தைத்தான் தருகிறது.

உளுந்தஞ்சோறு, கூட்டாஞ்சோறு எல்லாம் கடையில் கிடைக்குமா?

அரிது. இவை வீட்டுச் சாப்பாடு. தொலி உளுந்தும் அரிசியும் தேங்காய், பூண்டு, வெந்தயத்தோடு வெந்து, எள்ளுத் துவையலோடு இறங்குகிற உளுந்தஞ்சோற்றை யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டுப் போட்டால் மறுக்காதீர்கள்.

இருட்டுக்கடைக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டும்?

கடை கிழக்கு ரத வீதியில், நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒரு ராஜபுத்திரக் குடும்பம் நடத்தி வருகிறது. முன்பு ஒற்றை விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் வியாபாரம் நடந்ததால் ஊரார் வைத்த பெயரே கடைக்கு நிலைத்துவிட்டது. மாலை 5 மணியை ஒட்டித் திறந்து, அன்றைய சரக்கு தீரும்வரைதான் வியாபாரம். பகலில் போனால் மூடிய கதவைத்தான் பார்ப்பீர்கள்.

சாதாரண நாளில் அரை மணி நேரம் முன்னால் வரிசையில் நின்றால் போதும். சனி, ஞாயிறு, தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம், குற்றாலச் சீசன் நாட்கள் என்றால் ஒரு மணி நேரம் முன்னால். கூடுமானவரை சரியான சில்லறையோடு போங்கள். எத்தனை கிலோ என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். முறை வந்த பிறகு அலைபேசியில் வீட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவரால்தான் வரிசை நின்றுபோகிறது. கொண்டுபோகிற பொட்டலம் தனி. அங்கேயே சாப்பிட 50 கிராமோ 100 கிராமோ சூடாக வாங்கிக்கொள்ளுங்கள். நெய் வழிய, கையில் எடுத்தால் நழுவுகிற அந்தப் பதம் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இருக்காது.

முதியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் ஒருவர் வரிசையில் நிற்க, அவர்களைக் கோயில் வாசலில் உட்கார வைத்துவிடுங்கள். மாலை நடை அதற்குள் திறந்திருக்கும்.

வரிசையில் நிற்க நேரமில்லை. வேறு கடையில் வாங்கினால் குறையா?

இல்லை. நெல்லையில் இனிப்புக் கடைக்கே லாலா கடை என்றுதான் பெயர். வடக்கேயிருந்து வந்த மிட்டாய்க்காரர்கள் வழியாக வந்த சொல் அது. டவுனிலும் ஜங்ஷனிலும் பல லாலா கடைகளில் நாள் முழுக்க அல்வா கிடைக்கும். ஜங்ஷன் பழைய பஸ் நிலையத்தை ஒட்டிய சாந்தி ஸ்வீட்ஸும் வெளியூர்க்காரர்கள் தேடிப் போகிற கடைதான். ஆனால் அந்த வட்டாரத்தில் ஒரே மாதிரிப் பெயர்ப் பலகைகள் பல உண்டு. பலகையைப் பார்த்து அவசரப்படாமல் ஒரு துண்டு வாங்கித் தின்றுவிட்டு, பிறகு கிலோக் கணக்கில் வாங்குங்கள்.

அந்த ஒரு துண்டில் பார்க்க வேண்டியது இவை. விரலால் அழுத்தினால் நெய் கசிய வேண்டும், மாவு ஒட்டக் கூடாது. வெளிச்சத்தில் பிடித்தால் ஓரம் கண்ணாடி போலத் தெரியவேண்டும். பல்லில் ரப்பர் போல இழுத்தால் மைதாவோ சோள மாவோ கலந்தது, அல்லது நெய் குறைவு. நாக்கில் நறநறவென்றால் பாகு முற்றிச் சர்க்கரை படிந்திருக்கிறது. தொண்டையில் எண்ணெய்ப் பிசுக்கு நின்றால் நெய்க்குப் பதில் டால்டா. நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். உண்மையான அரக்கு நிறம் சர்க்கரையைக் கருக்கி வருவது. சாயம் போட்டால் பளீரென்ற ஆரஞ்சு வரும்.

இனிப்பு முடிந்ததும் அதே கடையில் ஒரு பிடி மிக்சரோ காராச்சேவோ வாயில் போட்டுக்கொள்வது ஊர் வழக்கம். திகட்டல் உடனே அடங்கும்.

அந்த அல்வாவை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும், பொறுமை இருந்தால். கால் கிலோ சம்பா கோதுமை, 600 கிராம் சர்க்கரை, 250 முதல் 300 கிராம் நெய். கோதுமையைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து அரைத்து, மூன்று முறை பால் பிழிந்து, துணியில் வடிகட்டி, அசையாமல் ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் மேலே தெளிந்து நிற்கும் நீரைக் கொட்டிவிட்டு அடியில் படிந்த கெட்டிப் பாலை மட்டும் எடுக்கவேண்டும். அந்தத் தெளிவை வடிக்காமல் விட்டால் கிண்டும் நேரம் இரட்டிப்பாகும், புளிப்பும் ஏறும்.

சர்க்கரையில் நாலு கரண்டியைத் தனியாகக் கருக்கி நிறத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீதியைப் பாகாக்கி, தீயைக் குறைத்துப் பாலை மெல்லிய தாரையாக ஊற்றிக் கிண்டுங்கள். தீ கூடியிருந்தால் ஊற்றிய இடத்திலேயே கட்டி தட்டும். பிறகு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் கை நிற்கக் கூடாது. நெய்யைக் கரண்டி கரண்டியாக விடவேண்டும். முதலில் நெய்யை உறிஞ்சும். பிறகு ஒரு கட்டத்தில் குடித்த நெய்யைத் திருப்பிக் கக்கும், சட்டியின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும். அதுதான் பதம். அதற்கு முன் இறக்கினால் பச்சை மாவு வாசம் போகாது. தாமிரபரணித் தண்ணீர்தான் ருசிக்குக் காரணம் என்று ஊரில் எல்லாரும் நம்புகிறோம். ஆனால் இந்தக் கை வேலையைக் குறைத்துக்கொண்டால் எந்தத் தண்ணீரும் கைகொடுக்காது.

நல்ல பரோட்டா எங்கே?

ரத வீதிகளை விட்டு வெளியே வாருங்கள். ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பக்கங்களில் அசைவக் கடைகள் நிறைய. கல் சூடாகி, சால்னா ஊறி வர இருட்டிவிடும். 7:30-லிருந்து 9:30 வரை நல்ல நேரம். கல்லிலிருந்து எடுத்த நாலைந்தை அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்து அடுக்கைப் பிரிக்கிறாரா என்று பாருங்கள். பிரியாமல் தட்டையாக இருந்தால் மாவு ஊறவில்லை. மைதாவைப் பிசைந்து எண்ணெய் தடவி இரண்டு மணி நேரமாவது விட்டால்தான் வீச்சுக்கு மெல்லிசாக நீளும். போட்டு வைத்து ஆறிப்போன பரோட்டாவை மறுபடி கல்லில் சுட்டால் தோல் போல ஆகும். கூட்டம் உள்ள கடையைத் தேடுவதற்கு இதுதான் காரணம்: அங்கே ஆற நேரமிருக்காது.

சாப்பிடும் முறையும் உண்டு. முழுசாகத் தொட்டுத் தின்னாமல், சிறு துண்டாகப் பிய்த்துப் போட்டு, சால்னாவை மேலே ஊற்றி, ஒரு நிமிஷம் ஊறவிட்டுப் பிசைந்து எடுங்கள். கூட நாட்டுக்கோழி வறுவலோ ஆம்லெட்டோ போதும்.

சைவர்கள் கவனிக்க: "வெறும் சால்னா" என்றால் கறித்துண்டு இல்லாதது என்று மட்டுமே பொருள். அது வெந்தது கறிச் சாற்றில்தான். காய்கறிக் குருமா இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். இல்லையென்றால் சைவ ஹோட்டலிலேயே பரோட்டா கிடைக்கும்.

செங்கோட்டைப் பார்டர் பரோட்டாவுக்காகப் போய்வருவது தகுமா?

அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். பிரானூர் பார்டர் இங்கிருந்து சுமார் 60 கி.மீ., இப்போது தென்காசி மாவட்டம். குற்றாலத்தில் சாரல் இருக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அருவிக்குப் போகும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே பரோட்டா கையகலச் சிறியது. ஐந்தாறு சாதாரணமாக உள்ளே போகும்.

பதநீர் எப்போது, எங்கே?

மாசியிலிருந்து ஆடிக்குள். சாலையோரம் பானையோடும் பனையோலைப் பட்டையோடும் உட்கார்ந்திருப்பார்கள். காலை ஒன்பதுக்குள் குடியுங்கள். கலயத்தில் தடவிய சுண்ணாம்புதான் அது கள்ளாகாமல் காக்கிறது. வெயில் ஏறினால் அந்தக் காவலும் தளரும். நாக்கில் சுரீரென்றால், நுரை பொங்கினால், விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு கூடினாலோ நாக்கு பொத்துப்போகும். நுங்கு வெட்டிப் போட்டுத் தரச் சொன்னால் காலை டிபனைத் தள்ளிப்போடலாம்.

கருப்பட்டி வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி?

உடைத்துப் பாருங்கள். உள்ளே மினுமினுவென்று கல் தெரிந்தால் சர்க்கரை கலந்தது. நல்லதில் உடைப்பு மங்கலாக இருக்கும், இனிப்புக்குப் பின்னால் மெல்லிய உப்பு வரும். தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிச் சரக்குக்குப் பெயர் உண்டு. மழைக்காலத்தில் காற்றுப் பட்டால் கசியும். காய்ந்த மண்பானையிலோ இறுக்கமான டப்பாவிலோ வையுங்கள்.

தேரோட்டம் அன்று வந்தால் சாப்பாடு கிடைக்குமா?

ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிகளில் வண்டி ஓடாது, பல கடைகள் வாசலை அடைத்துவிடும். தண்ணீரும் மோரும் அன்னதானமும் தெருவெங்கும் கிடைக்கும். பசியோடு யாரும் திரும்புவதில்லை. உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால் ஜங்ஷனிலேயே முடித்துவிட்டு நடந்து வாருங்கள். அல்வா வேண்டுமென்றால் முந்தின நாளே வாங்கிவிடுங்கள்.

ராத்திரி ரயிலில் அல்வா கொண்டுபோகிறோம். எத்தனை நாள் தாங்கும்?

நல்ல நெய் அல்வா வெளியிலேயே ஒரு வாரம் தாங்கும். சூட்டோடு மூடிவிடுவதுதான் கெட்டுப்போக முக்கியக் காரணம். ஆவி மூடியில் நீராகி உள்ளே விழும், மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். வாங்கின பொட்டலத்தைப் பையின் வாய் திறந்தபடி ஆறவிட்டு, ஜங்ஷன் போய்ச் சேர்ந்த பிறகு எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் உறையோடு துணிப்பைக்குள் வைத்தால் நெய் கசிந்து சட்டை வரைக்கும் வரும். அடியில் நாலு மடிப்புச் செய்தித்தாள் போடுங்கள். ஈரக் கரண்டி கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நெய் உறைந்து அல்வா கல்லாகும். அப்படி ஆகிவிட்டால் பதறவேண்டாம்: கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் டப்பாவை ஐந்து நிமிஷம் வைத்தால் நெய் இளகி, மறுபடி வழுக்கிக்கொண்டு வரும். எட்டு மணியை ஒட்டிய வண்டி என்றால் 6:45-க்குள் டவுனை விட்டுக் கிளம்பிவிடுங்கள். மேம்பாலத்தில் சாயங்கால நெரிசல் எப்போது கூடும் என்று சொல்லமுடியாது.